கிண்ணம் இல்லாத உப்பு

மார்ச் 6, திங்கள்

பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு கொக் மெங் வீட்டுக்கு வந்துவிட்டார். காரிலிருந்து தானாகவே இறங்கினார், தானாகவே செருப்பைக் கழற்றினார். வாசலில் நின்று மோந்து பார்த்து, "மீன் பொரிச்சியா?" என்றார். நான் பொரிக்கவில்லை, பக்கத்து வீட்டில் பொரித்திருக்கிறார்கள். கால் சரியாக இருக்கிறது, மூக்கு சரியாக இருக்கிறது, பேச்சு சரியாக இருக்கிறது. தமிழ்கூட அப்படியே இருக்கிறது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இவருடைய அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். தமிழ்ப் பிள்ளைகளோடு புரண்டு வளர்ந்த சீனர் இவர். முப்பத்தோரு வருஷமாக என்னோடு சண்டை போடுவதும் தமிழில்தான்.

மூளையின் பின்பக்கம் ஒரு சின்ன ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டதாம். வலது பக்கப் பார்வை பாதி போய்விட்டது. உள்ளே வரும்போது கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். "தப்பிச்சிட்டாரு" என்று டாக்டர் சொன்ன அந்த ஒரு வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ரத்த அழுத்தம், மாத்திரை, தூக்கம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொன்னார் தாதி. இதுதான் அந்த நோட்டு. மற்றதையும் இதிலேயே எழுதிக்கொள்கிறேன். தமிழ் பேசுவாரே தவிர அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது.

மாலை: 142/88.

மார்ச் 8, புதன்

பசியாறிவிட்டுச் சீனப் பத்திரிகையை விரித்தார். ரொம்ப நேரம் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

"பூங்கா, இது என்னா பாஷ?"

விளையாடுகிறார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. ஆங்கிலப் பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்தேன். அதையும் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு லா."

பிறகு முழுத் தட்டு மீ நூடுல்ஸும் சாப்பிட்டார். தட்டின் வலது பக்கத்தில் இருந்ததை நான் திருப்பி வைத்த பிறகு.

மார்ச் 10, வெள்ளி

டாக்டர் ஒரு தாளும் பேனாவும் கொடுத்துப் பெயரை எழுதச் சொன்னார். லியோங் கொக் மெங், மூன்று சீன எழுத்து. எப்போதும் போல அழகாக எழுதினார். டாக்டர் அதை மூடி வைத்துவிட்டு என்னிடம் சாப்பாடு பற்றி ஏதோ கேட்டார். பிறகு தாளை மறுபடி காட்டி, "யாருடைய பெயர் இது?" என்றார்.

"தெரியலயே" என்றார் கொக் மெங்.

எழுதும் வழி திறந்திருக்கிறது, படிக்கும் வழிதான் அடைபட்டுவிட்டது என்று டாக்டர் விளக்கினார். சிலருக்கு நடப்பதுதானாம். கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்.

தண்ணீர் வாரியத்தில் வேலை பார்த்த காலத்திலும் சரி, ஓய்வு பெற்ற பிறகும் சரி, இவர் சாயங்காலங்களில் செய்தது ஒன்றுதான்: சீனத் தூரிகை எழுத்து. ஈப்போவில் புதுக்கடை திறந்தாலும் கல்யாணம் என்றாலும் இவரிடம்தான் எழுதிக் கேட்பார்கள். நாற்பது வருஷமாக ஒரு கோடு தப்பியதில்லை என்று பெயர்.

வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கியதும், "உயிரு இருக்குல்ல, போதும்" என்றார். எனக்குச் சொன்னாரா, அவருக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

மார்ச் 15, புதன்

132/84. நன்றாகத் தூங்கினார். மழை, துணி காயவில்லை.

மார்ச் 19, ஞாயிறு

ஜார்ஜ்டவுனிலிருந்து யூன் ஃபோங் போன் செய்தாள். ஜூன் பத்தாம் தேதி அவளுடைய கலைக்கூடத்தில் எங்கள் கண்காட்சி. போன வருஷமே ஒப்புக்கொண்டது. எட்டுப் படங்கள், அவருடைய தூரிகை எழுத்தும் என்னுடைய ஓவியமும் ஒரே படத்தில். நான் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் ஓவியம் சொல்லிக் கொடுத்தவள். என் படங்கள் எல்லாம் பெரிய பெரிய நிறப் பரப்புகள். இந்த ஊரில் ஈயம் தோண்டிய பழைய குட்டைகளின் பச்சை நீலமும் தோண்டிப்போட்ட செம்மண்ணும்தான்.

தள்ளி வைக்கலாமா என்று யூன் ஃபோங் கேட்டாள். பிறகு சொல்கிறேன் என்றேன்.

ஜனவரியில் தொடங்கியபோது இரண்டு படம்தான் செய்தோம். அப்புறம் கொஞ்சம் மனஸ்தாபம். நின்றுவிட்டது.

மார்ச் 26, ஞாயிறு

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

பின்னால் இருக்கும் அறையில் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அவர் சும்மா உள்ளே வந்தார். சுவரில் பழைய கேன்வாஸ் ஒன்று சாய்ந்திருந்தது. ஜனவரியில், அவருடைய எழுத்து எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்வதற்காக, கெட்டியான வர்ணத்தில் ஒன்றைப் பார்த்து எழுதி வைத்திருந்தேன். எனக்குச் சீனம் படிக்கத் தெரியாது. அது என்ன எழுத்து என்றுகூட மறந்துவிட்டது.

அவர் வலது கையால் சுவரைப் பிடிக்கப் போய், விரல் அந்தக் கேன்வாஸில் பட்டது. வர்ணம் கோடு கோடாகத் தடித்திருந்தது. விரல் ஒரு கோட்டின் மேல் போனது. இன்னொரு கோட்டின் மேல் போனது. நின்றுவிட்டார்.

"அரிசி" என்றார்.

நான் துடைப்பத்தோடு நிமிர்ந்தேன்.

"இது அரிசி. நீ எழுதினதுதான?"

"எப்பிடித் தெரியும்?"

"நடுக்கோட்ட முதல்ல போட்டுட்டு குறுக்குக்கோட்ட அதுமேல ஏத்தியிருக்க. சீனப் பிள்ளைங்க ஒண்ணாம் வகுப்புல இதுக்கு அடி வாங்கும்."

கண்ணால் பார்த்தால் எறும்பு. விரலால் தொட்டால் அரிசி. எழுதும்போது கை போகும் வழியில் விரல் போனால் எழுத்து அவருக்குத் தெரிகிறது. நான் சிரித்தேனா அழுதேனா என்று நினைவில்லை. அவர் அதே எழுத்தை ஐந்தாறு தடவை தடவினார். பிறகு கேட்டார்:

"இந்த வர்ணத்த மையில கலந்தா நான் எழுதலாமா?"

மாலை 128/80. இந்த மாதத்திலேயே குறைவு.

ஏப்ரல் 2, ஞாயிறு

மை தாளுக்குள் ஊறிவிடும், தடித்து நிற்காது. அதனால் கேன்வாஸில், மையோடு அக்ரிலிக் பசையைக் கலந்து எழுதவேண்டும். அவருக்குப் பிடிக்கவில்லை. "சேத்துல எழுதற மாதிரி இருக்கு." தூரிகை இழுக்க மாட்டேன் என்கிறது. பசையைக் குறைத்தேன், தண்ணீர் கூட்டினேன், ஒரு துளி கிளிசரின் விட்டேன். ஆறாவது கலவையில் "ம்ம்" என்றார். அவருடைய "ம்ம்" பெரிய விஷயம்.

யூன் ஃபோங்கிடம் ஜூன் பத்துக்கே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன்.

மனஸ்தாபம் என்று முன்னே எழுதினேன். அது என்ன என்றும் எழுதிவிடுகிறேன். அவர் எழுத, எழுத்தைத் தொடாமல் சுற்றி நான் வர்ணம் போடவேண்டும் என்பது பேச்சு. இரண்டாவது படத்தில் எனக்கு அது போதவில்லை. எழுத்து ஒரு பக்கம், நிறம் ஒரு பக்கம் என்று பிரிந்து நின்றது. அவர் கடைக்குப் போயிருந்தபோது அகலத் தூரிகையால் அவருடைய எழுத்தின் மேலேயே பச்சை நீலத்தை இழுத்துவிட்டேன். படம் நன்றாகத்தான் வந்தது. அவர் வந்து பார்த்தார். "என் வாய்மேல கைய வெச்சு மூடிட்ட" என்றார். அதற்குப் பிறகு பேசவில்லை. எப்போதாவது கோபித்துக்கொள்வார், இரண்டு நாள் மூன்று நாள். இந்தத் தடவை பத்தொன்பது நாள்.

பத்தொன்பதாவது நாள் காலையில்தான் குளியலறை வாசலில் விழுந்தார்.

ஏப்ரல் 14, வெள்ளி

சித்திரைப் புத்தாண்டு. பாயாசம் வைத்தேன், சர்க்கரை குறைவாக. அவர் முகம் சுளித்துக்கொண்டே இரண்டு கிண்ணம் குடித்தார்.

"அரிசி", "எண்ணெய்", "நெருப்பு" முடிந்துவிட்டன. எட்டுப் படங்களின் எழுத்தும் அவருடைய அப்பாவின் கடை டின்களில் எழுதியிருந்த வார்த்தைகள்தான். இப்போது முறை மாறிவிட்டது. முதலில் நான் நிறத்தைப் போடுகிறேன். காய்ந்ததும் அவர் அதன் மேல் எழுதுகிறார். அது காய்ந்ததும் அவர் விரலால் தொட்டுப் படித்துப் பார்க்கிறார். பிறகு, "இங்க கொஞ்சம் உன் செம்மண்ண ஏத்து" என்று அவரே சொல்கிறார். எழுத்தின் காலுக்கு மேல் என் நிறம் ஏறுகிறது, அதன் தலை என் நிறத்துக்கு மேல் நிற்கிறது. எது யாருடையது என்று சொல்ல முடியவில்லை. இதைத்தான் ஜனவரியில் கேட்டேன். அப்போது கேட்கத் தெரியவில்லை.

ஏப்ரல் 29, சனி

"உப்பு" எழுதினார். கஷ்டமான எழுத்து, இருபத்து நான்கு கோடு. நடுவில் மாத்திரை நேரம் ஆகிவிட்டது, கூப்பிட்டேன். வந்து போட்டுக்கொண்டு போய் முடித்தார். களைத்துவிட்டார். சீக்கிரம் படுத்துக்கொண்டார். 134/82.

மே 1, திங்கள்

"உப்பு" எனக்கு இடிக்கிறது. மேலே கனமாக இருக்கிறது, கீழே நிற்க ஒன்றும் இல்லை. எனக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பார்க்கத் தெரியும். பழைய தாள்களைத் தேடி, அவர் முன்பு எழுதிய உப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். பழையதில் அடியில் அகலமாகக் கிண்ணம் மாதிரி ஒரு பகுதி இருக்கிறது. புதியதில் இல்லை.

இரண்டு வீடு தள்ளித் திருமதி சின் இருக்கிறார், சீனப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர். போனில் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு மலாயில் சொன்னார்: "இப்படி ஒரு எழுத்தே கிடையாது. பாவம்."

அந்த "பாவம்" எனக்குப் பிடிக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நான் மாத்திரைக்குக் கூப்பிட்ட இடத்தில்தான் நின்றிருக்கிறது. திரும்பிப் போனவருக்கு, எதுவரை எழுதினோம் என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. முடித்துவிட்டோம் என்று நினைத்துத் தூரிகையைக் கழுவிவிட்டார். ஐந்து நிமிஷம் கழித்துக் கூப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மாத்திரை ஓடிவிடுமா?

மே 3, புதன்

நாற்பது வருஷமாகத் தப்பாத கை. இதைச் சொன்னால் தூரிகையைத் தொடவே மாட்டார். எனக்கு அவரைத் தெரியும். களைப்பில் இன்னும் அதைத் தொட்டுப் படிக்கவும் இல்லை.

அவர் தூங்கும்போது, பட்டைக் கத்தியால் செம்மண் நிறத்தை எழுத்தின் அடியில் கெட்டியாக ஏற்றிவிட்டேன். கிண்ணம் மண்ணுக்குள் புதைந்திருக்கிற மாதிரி இருக்கிறது. யாருக்கும் தெரியாது.

மே 7, ஞாயிறு

தெரிந்துவிட்டது.

காய்ந்ததும் வழக்கம்போலத் தொட்டார். மேலிருந்து இறங்கிய விரல் நான் ஏற்றிய வர்ணத்தில் வந்து நின்றது. இடது பக்கம் போனது, வலது பக்கம் போனது.

"கிண்ணம் எங்க?"

நான் தூரிகைகளை அடுக்கத் தொடங்கினேன்.

"பூங்கா. நான் போடலியா, நீ மூடிட்டியா?"

இரண்டில் ஒன்றைச் சொல்லவேண்டும். நான் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை.

"நான்தான் மூடிட்டேன்" என்றேன். "அப்பிடி நல்லா இருந்துச்சு."

கையை எடுத்துக்கொண்டார். கதவு நிலையில் இடிக்காமல், தலையைத் திருப்பிப் பார்த்து, மெதுவாக வெளியே போனார்.

மே 8, திங்கள்

பேசவில்லை. 146/90.

மே 9, செவ்வாய்

பேசவில்லை. தட்டைத் திருப்பி வைத்தேன், சாப்பிட்டார். 148/92.

மே 10, புதன்

பேசவில்லை. 152/94. மூன்று தடவை அளந்தேன்.

மே 11, வியாழன்

காலையில் ரத்த அழுத்தக் கருவியின் பட்டையை அவர் கையில் சுற்றினேன். இது நான்காவது நாள். பத்தொன்பதுவரை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. பட்டையைக் கழற்றிவிட்டுச் சொல்லிவிட்டேன்.

"நான் மூடல. நீங்க போடல."

திரும்பிப் பார்த்தார்.

"மாத்திரைக்குக் கூப்பிட்டேன்ல. வந்துட்டுப் போனீங்க. முடிஞ்சிருச்சுன்னு நெனச்சு வெச்சிட்டீங்க. கிண்ணம் இல்ல. சின் டீச்சர்கிட்டயும் காட்டிட்டேன். உங்களுக்குத் தெரிய வேணாம்னுதான் மண்ண ஏத்தினேன்."

அவர் முகத்தில் எதையெல்லாமோ எதிர்பார்த்தேன். அவர் பெருமூச்சு விட்டார், யாரோ தோளிலிருந்து மூட்டையை இறக்கி வைத்த மாதிரி.

"நான் போடலியா?"

"போடல."

"நெசமா?"

"நெசமாத்தான்."

"அப்பிடின்னா சரி லா" என்றார். "நான் தப்புப் பண்ணா நான் திருத்திக்குவேன். நீ மூடினா நான் என்னா பண்றது? நாலு நாளா அதான் யோசிச்சிக்கிட்டு இருந்தேன். இனிமே நீ எத மூடினாலும் எனக்குத் தெரியாதேன்னு."

அப்போதுதான் மற்றதும் என் வாயில் வந்துவிட்டது. அன்றைக்கு அவர் எழுத்தை நான் மூடியது, பத்தொன்பது நாள், குளியலறை வாசல். "என்னாலதான் விழுந்தீங்க" என்றேன். இரண்டு மாதமாக மருத்துவமனையிலும் காரிலும் சமையலறையிலும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

அவர் எழுந்து அறைக்குள் போனார். மேசையின் கடைசி இழுப்பறையை இழுக்கும் சத்தம் கேட்டது. மை குப்பி வைக்கும் பெட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். உள்ளே ரத்த அழுத்த மாத்திரை அட்டைகள். பிரிக்காதவை. டிசம்பர் தேதி போட்ட கிளினிக் பை அப்படியே இருந்தது.

"அத சாப்பிட்டா கை மரத்த மாதிரி இருந்துச்சு. கோடு நடுங்கிச்சு. கண்காட்சி முடியட்டும்னு நிறுத்திட்டேன். உன்கிட்ட சொன்னா திட்டுவ."

"டிசம்பர்லேருந்தா?"

"ம்ம்."

"நான் ரெண்டு மாசமா என்னையே..."

"தெரியும். மொகத்துலயே தெரிஞ்சிச்சு. அத சொல்லத்தான் எனக்கு வாய் வரல." பெட்டியை மூடிவிட்டு, "எழுத்துதான் படிக்க முடியல. உன் மொகத்த படிக்க முடியுது" என்றார்.

திட்டினேன். நன்றாக, வாய் வலிக்கத் திட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பிறகு இருவரும் ரொட்டி சானாய் சாப்பிடப் போனோம். அவருக்கு ஒன்றுதான், அதுவும் எண்ணெய் குறைவாக.

மாலை 130/82.

மே 13, சனி

"உப்பு" படத்தை என்ன செய்வது என்று கேட்டேன். புதிதாக எழுதலாம், நாள் இருக்கிறது.

"எதுக்கு?" என்றார். பழைய காலத்துப் பெரிய எழுத்துக்காரர்களே எழுதும்போது தப்பிவிட்டால் தாளைக் கிழிப்பதில்லையாம். தப்பான எழுத்துக்குப் பக்கத்தில் சின்னச் சின்னப் புள்ளி வைப்பார்கள். சரியான எழுத்தைக் கடைசியில் எழுதிவிடுவார்கள். பார்க்கிறவனுக்குப் புரியும்.

நான் ஏற்றிய செம்மண்ணைச் சுரண்டி எடுத்தேன். முழுவதும் போகவில்லை, ஒரு கறை நின்றது. அவர் எழுத்தின் பக்கத்தில் மூன்று புள்ளி வைத்தார். இடது மூலையில், உள்ளங்கை அகலத்தில், முழு உப்பை எழுதினார். நான் மாத்திரைக்கும் கூப்பிடவில்லை, மூச்சும் விடவில்லை. கடைசிக் கோடு கிண்ணத்தின் அடிக்கோடு. நீளமாக இழுத்து என் நீலத்துக்குள் கொண்டுபோய் விட்டார்.

மே 27, சனி

எட்டாவது படம் முடிந்தது. கேஸ் தீர்ந்துவிட்டது, சொல்ல வேண்டும். 126/80.

ஜூன் 10, சனி

ஜார்ஜ்டவுன், விடுதி அறை.

நான்தான் கார் ஓட்டிக்கொண்டு வந்தேன். நெடுஞ்சாலையில் ஓட்டி ஒன்பது வருஷம் ஆகிறது. எப்போதும் அவர்தான் ஓட்டுவார், இனி அவர் ஓட்டக்கூடாது. பினாங்குப் பாலத்தில் லாரிகளுக்கு நடுவே என் தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. "மூச்சு விடு பூங்கா" என்று இரண்டு தடவை சொன்னார்.

கூட்டம் நான் நினைத்ததைவிட அதிகம். அவருடைய தூரிகை எழுத்து நண்பர்கள் ஏழெட்டுப் பேர் ஈப்போவிலிருந்தே வந்திருந்தார்கள். அவர்களில் திரு. தான் என்பவர் கொஞ்சம் கடுமையான ஆள். யாருடைய எழுத்தையும் பாராட்டி நான் கேட்டதில்லை. அவர் ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்து "உப்பு"க்கு முன்னால் நின்றுவிட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். குனிந்தார். நான் கையில் இருந்த தண்ணீர்க் குவளையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

பெரிதாகச் சிரித்தார். மற்றவர்களைக் கூப்பிட்டுப் புள்ளிகளைக் காட்டினார். கொக் மெங்கின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்து, கேண்டனீஸ் சீனத்தில் ஏதோ சொன்னார்.

"என்னா சொல்றாரு?" என்று கேட்டேன்.

"நாப்பது வருஷமா தப்பே பண்ணாத ஆளு இப்பத்தான் மனுஷனாயிருக்கான்னு சொல்றான்." சிரித்துக்கொண்டே சொன்னார். கண் கலங்கியிருந்தது. "இன்னொண்ணும் சொல்றான். இந்த நீலம் இல்லன்னா அந்தக் கடைசிக் கோடு எங்க போயி நிக்கும்னு கேக்குறான்."

திரு. தான் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். நானும் அசைத்தேன்.

ஜூன் 11, ஞாயிறு

வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். வெயில், நல்ல சாலை. இன்று தோள் இறங்கியிருந்தது.

பாதி வழியில் பார்த்தேன், அவருடைய சுட்டுவிரல் முழங்காலில் மெதுவாக ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தது. தூங்குகிறார் என்று நினைத்திருந்தேன். சாலையோரப் பச்சை ஊர்ப்பெயர்ப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து, அந்த ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக முழங்காலில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். வேகத்தைக் குறைத்து இடது பக்கம் ஒதுங்கி ஓட்டினேன். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனார்கள்.

ரொம்ப நேரம் கழித்து, "தைப்பிங்" என்றார்.

"தைப்பிங் தாண்டி பத்து நிமிஷம் ஆச்சு."

"ஆவட்டுமே" என்றார். "படிச்சிட்டேன்ல?"

அடுத்த பலகை தூரத்தில் தெரிந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.